கடலோரக் காற்றில் காய்கறி: எது தாங்கியது, எது ஏமாற்றியது

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளில் காய்கறி கெடுவதற்கு வெயிலைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். உண்மையில் முதல் குற்றவாளி ஈரம். வெங்காயம் வியர்த்து முளைவிடுகிறது, கீரை கொழகொழத்துப்போகிறது, கறிவேப்பிலை கறுக்கிறது. வெளிநாட்டு யோசனைகளில் பாதி இந்தக் காற்றில் எடுபடாது. பல வருஷம் புழங்கித் தேய்ந்த பொருட்களைப் பற்றி மட்டும் இங்கே.

மண்பானைக் குளிரூட்டியிலிருந்து தொடங்கலாம். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு மணல், மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர், மேலே ஈரத்துணி. நைஜீரியாவில் முகமது பா அப்பா இதைக் கிராமம் கிராமமாகப் பரப்பி, அதற்காக 2000-இல் ரோலக்ஸ் விருது பெற்றார். அங்கே வறண்ட காற்று. தண்ணீர் சட்டென்று ஆவியாகி உள்பானையைக் குளிர்விக்கும். இங்கே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு சாயங்காலத்தில், எப்பேர்ப்பட்ட பானையானாலும் ஏறக்குறைய 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. காற்று அதற்குமேல் ஈரத்தை வாங்கிக்கொள்ளாது. மே மாதத்தில் கடல்காற்று கிளம்புவதற்கு முந்தைய மத்தியானங்களில்தான் வித்தியாசம் கையில் தெரியும். கத்திரிக்காய், சுரைக்காய் ஓரிரு நாள் சுருங்காமல் இருக்கும், அவ்வளவே. ஐப்பசி மழையில் மேல்துணியில் பூசணம் படரும். வாங்கிவிட்டவர்கள் உள்பானையைக் குடிதண்ணீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடியில் ஜாலித் தட்டு வைத்த பிளாஸ்டிக் டப்பா ஃப்ரிட்ஜுக்குள் நன்றாக உழைக்கிறது, துணியும் கூட இருந்தால். ஜாலி கீழே சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். மூடியின் உட்புறம் முத்து முத்தாகக் கோர்த்து மேலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அதனிடம் வழியில்லை. அதனால் துணி கீழே ஒன்று, மேலே ஒன்று. பழைய வேட்டியை ஒரு முழச் சதுரமாகக் கிழித்துக்கொண்டால் போதும். கஞ்சி போடாத, நன்றாகத் தோய்ந்த துணிதான் ஈரத்தை இழுக்கும். செய்தித்தாள் வேண்டாம்: அச்சு மை உணவில் ஏறுவது பற்றி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

கொத்தமல்லிக்கான முறை இது. கட்டைப் பிரித்து, மஞ்சள் இலை, நசுங்கிய இலை, பூவிட்ட தண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு அழுகல் இலை போதும், மூன்று நாளில் டப்பா முழுக்கப் பரவும். வேரை வெட்டுங்கள். கழுவாதீர்கள். வண்டிக்காரர் காலையிலிருந்து தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் விற்றிருப்பார், அந்த ஈரமே அதிகம். ஃபேனுக்கடியில் இருபது நிமிஷம் பரப்பினால் மேல்ஈரம் போய்விடும்; அதற்குமேல் விட்டால் இலை துவண்டுவிடும். டப்பாவில் முக்கால் அளவுக்கு மேல் அடைக்காமல் வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை துணியை மாற்றினால் பத்து நாள் நிச்சயம். கறிவேப்பிலையை உருவி இதே மாதிரி வைத்தால் மூன்று வாரம் வரும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும், அழுகல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். முளைக்கீரை, அரைக்கீரைக்கு இத்தனை பாடுபட்டாலும் மூன்று நாள்தான். வாங்கிய மறுநாளே கடைந்துவிடுவது மேல்.

இந்த டப்பாக்களில் முதலில் போவது பக்கவாட்டுக் கிளிப். அடுத்து மூடியின் ரப்பர் வளையம்: பள்ளத்தில் கறுப்புப் பூசணம் அடைந்து, நாற்றம் கொத்தமல்லிக்கும் ஏறும். பதினைந்து நாளைக்கொருமுறை கரண்டிக் காம்பால் வளையத்தை நெம்பி எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். வளையம் மட்டும் தனியாகக் கிடைப்பது அபூர்வம். எவர்சில்வர் சம்படத்தில் அதே இரண்டு துணி வைத்தாலும் பலன் கிட்டத்தட்ட அதேதான். சம்படம் பேத்தி காலம் வரைக்கும் வரும்.

ஃப்ரிட்ஜ் எந்த ரகம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒற்றைக் கதவுப் பெட்டியில் பின்சுவர் உறையுமளவு குளிரும். கீரை அதில் ஒட்டினால் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்ததும் தொளதொளக்கும். கீழ்ட்ரே அவ்வளவு குளிராது. வெண்டைக்காய், வெள்ளரிக்காய், பீன்ஸுக்கு அதுவே சரி, கடுங்குளிரில் இவற்றின் தோலில் குழி விழும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் ஃபேன் காற்று ஓடுவதால் திறந்து வைத்ததெல்லாம் சுருங்கும். மஞ்சப்பை மாதிரியான துணிப்பை ஒற்றைக் கதவில் நன்றாக வேலை செய்யும். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் அதே பை கேரட்டை இரண்டு மூன்று நாளில் ரப்பராக்கிவிடும்.

தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்பது இருபது டிகிரி சமையலறைக்காரர்களின் பேச்சு. பழுக்காததை வெளியே வைக்க வேண்டும், காம்புப் பக்கம் கீழே இருக்க. பழுத்த நாட்டுத் தக்காளியை நம்மூர் வெப்பத்தில் வெளியே விட்டால் மறுநாள் வெடிக்கும். சுவை கொஞ்சம் குறைந்தாலும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். கோடையில் காயாக வாங்கியது சிவக்காமல் மஞ்சளாகவே நின்றால் கடைக்காரரைக் கோபிக்க வேண்டாம்: 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது.

எத்திலீன் (பழங்கள் வெளிவிடும், பக்கத்துக் காய்களையும் சீக்கிரம் பழுக்க வைக்கும் வாயு) உறிஞ்சும் பொட்டலங்கள் பணத்துக்கு ஈடில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய மணிகள். ஊதா நிறம் பழுப்பானால் வேலை முடிந்தது. உறையில் எத்தனை மாதம் போட்டிருந்தாலும் நிறம்தான் கணக்கு. அடிக்கடி திறக்கும் ட்ரேயில் வாயு எப்படியும் வெளியேறிவிடும். பொட்டலம் கிழிந்தால் கறை போகாது, குழந்தை கையில் கிடைத்தால் ஆபத்து. வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி, சப்போட்டாவைக் காய்கறியிலிருந்து தள்ளி வைத்தால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கும். வாழைக் காம்பில் பிளாஸ்டிக் சுற்றுவதால் பெரிய லாபமில்லை. பழுத்த சீப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல்தான் கறுக்கும், உள்ளே பழம் சில நாள் நன்றாகவே இருக்கும்.

வெங்காயக் கூடை: இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும், மூங்கில் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். உருளைக்கிழங்கு தனியாக, இருட்டில். வெளிச்சம் பட்டுப் பச்சையானதைச் சமைப்பதைக்காட்டிலும் எறிவது நல்லது.

மிச்சாங் புயலின்போது, 2023 டிசம்பரில், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் நாள்கணக்கில் மின்சாரமில்லை. அப்படி வந்தால் கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குப்பின் காற்றுப்புகாத டப்பாதான் எதிரி: சூட்டில் உள்ளேயே ஈரம் கோர்த்து, திறந்து கிடக்கும் காயைவிட முன்னதாக அழுகும். மூடியை எடுத்து, துணியில் பரப்பிக் காற்றோட்டமாக விடுங்கள். கீரையை முதலில் சமையுங்கள், அடுத்து வெண்டைக்காய், பீன்ஸ். எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கடைசியில். கரண்ட் வரும் வழி தெரியாவிட்டால் இவை இரண்டையும் துடைத்து நறுக்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்துவிடலாம்.