கோணக்கால் திரும்பி வந்தால் ஷூ விற்கிறவரிடம் போகாதீர்கள்

மதுரைப் பக்கம் பிள்ளைக்கு வளைபாதம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை வெளியே எடுங்கள். எனக்கு 22,500 ரூபாய் போனது. கூடவே ஐந்து மாதமும் போனது, அதுதான் வயிறு எரிகிறது.

என் மகனுக்குப் பிறக்கும்போதே வலது கால் உள்பக்கமாக மடங்கியிருந்தது. கிரகணத்தன்று வெளியே வந்தியா என்று என் மனைவியைக் கேட்காத ஆள் உசிலம்பட்டியில் இல்லை. (ஆயிரம் பிள்ளைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறதாம். அத்தனை கிரகணம் எங்கே வருகிறது?) மதுரை பெரியாஸ்பத்திரியில் பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டு போட்டார்கள், தொடை வரைக்கும், மொத்தம் ஆறு. பிறகு குதிகாலுக்கு மேலே தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு, அதன்மேல் மூன்று வாரம் கடைசிக் கட்டு. கால் அழகாக நேரானது. அப்புறம் நடுவில் கம்பி வைத்த இரட்டை ஷூ. முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது மட்டும் என்றார்கள்.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒன்றரை வயதில் பையன் ஓட ஆரம்பித்ததும் என் அம்மா, "ஓடுற பிள்ளைக்கு எதுக்குடா விலங்கு? கழட்டிப் போடு" என்றது. கழற்றிப் போட்டோம். மூன்று வயதில் குதிகால் தரையில் படவில்லை. பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றி நடந்தான். செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

திரும்பப் பெரியாஸ்பத்திரிக்குப் போக முகமில்லை. டாக்டர் திட்டுவாரே என்ற பயம். அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் சொந்தக்காரர் ஒருவர் மதுரையில் ஒரு தனியார் இடத்தைச் சொன்னார். ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம்.

ஏசி அறை. சுவர் நிறைய முன்னே பின்னே என்று பிள்ளைகளின் கால் படங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் பையன் காலை ஒரு தரம் அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார். "வெளிநாட்டு ஷூ சார். ஆறு மாசத்துல தானா நேராயிரும். கட்டும் வேணாம், ஆபரேஷனும் வேணாம்." கடைசி வார்த்தையில் விழுந்தோம். பணத்துக்குப் பில் இல்லை, விசிட்டிங் கார்டு பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்.

ஷூவுக்குள் கால் உட்காரவே இல்லை. குதிகால் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள். அதில் எட்டிப் பார்த்தால் வெறும் இருட்டு. பெல்ட்டை இறுக்கினால் ராத்திரி முழுக்க அழுகை, காலையில் கொப்புளம். போன் பண்ணினால், "புண்ணு வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்" என்றார். அதை நம்பி அழுகிற பிள்ளைக்குத் தினமும் பெல்ட்டை இறுக்கியது இந்தக் கைதான்.

காப்பாற்றியது அங்கன்வாடி. வருடத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளைப் பார்க்க மருத்துவக் குழு வரும். 2013இல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டம். பிறவிக் குறைகள் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது, 18 வயது வரை மேல்சிகிச்சைக்குக் காசு கிடையாது. வந்த டாக்டரம்மா கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சீட்டு எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே யாரும் திட்டவில்லை. எலும்பு டாக்டர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இது நேரான காலைப் பிடிச்சு வைக்கிற சாமான். கோணலை நிமித்தாது. திரும்பி வந்த காலுக்கு மறுபடி கட்டுதான் முதல்ல." நான்கு கட்டு போட்டார்கள். காலைத் தூக்கும்போது முன்பாதம் இன்னும் உள்ளே திரும்பியதால், பாதத்தை உள்பக்கம் இழுக்கிற தசைநாணை எடுத்து நடுப்பாதத்தில் பொருத்தினார்கள். அதைப் பொருத்தும் எலும்பு சின்ன வயதில் வெறும் குருத்தாக இருக்குமாம், அதனால் இரண்டரை வயதுக்கு மேல்தான் செய்வார்களாம். ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தான். இப்போது குதிகால் தரையில் பதிகிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டுப் போனேன். "உங்க பிள்ளை அளவுக்கு இங்கயே செஞ்சது சார், திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். அப்போ வெளிநாட்டு ஷூ? பதில் இல்லை. மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டேன். "நான் டாக்டர்னு எப்ப சொன்னேன்?" என்றார். யோசித்துப் பார்த்தேன், சொல்லவே இல்லை. கோட்டைப் பார்த்து நாங்களாக நினைத்துக்கொண்டோம். பில் இல்லாததால் நுகர்வோர் கோர்ட்டில் எதைக் காட்டுவது என்று முழிக்கிறேன். அதே மாதிரி கார்டில் தொகை எழுதி வாங்கியவர்கள் இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அந்த ஷூ பரணில் கிடக்கிறது. போன மாதம் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டு வந்தார். அவர் பிள்ளைக்கும் மூன்று வயது, கட்டுப் பிரித்து ஷூவை நிறுத்தியவர்தான். கொடுக்கவில்லை. டீ கொடுத்து, பெரியாஸ்பத்திரியில் எந்தக் கிழமை வரவேண்டும், எந்த வாசலில் சீட்டு வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "திட்டுவாங்களா?" என்று கேட்டார்.