அதே பெயர், வேறு ஒலி: ஸ்ட்ரீமிங் சந்தாவும் சொந்தக் குறுந்தகடும்

ஆறு ஆண்டுகள் இடைவிடாமல் ஸ்ட்ரீமிங் சந்தா கட்டிவந்த நான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டுக் குறுந்தகடுகளுக்குத் திரும்பினேன். தகட்டை வாங்கி, அதிலுள்ள பாடல்களை, ஒலித்தரம் குறையாமல் அளவைச் சுருக்கும் ஃபிளாக் வகைக் கோப்புகளாகக் கணினியில் எடுத்து, வன்தட்டில் அடுக்கி, அங்கிருந்து கைபேசியிலும் வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்கிறேன். சந்தா, தகடு, காசு கொடுத்துத் தரவிறக்கும் கோப்பு என்ற மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன் என்றாலும், நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை: தகட்டின் பக்கம்.

இதற்குக் காரணமாக அமைந்தது ஒரே ஒரு பாட்டு. இளம் வயதிலிருந்து மனப்பாடமாகக் கேட்டுவந்த ஓர் ஆல்பத்தின் மூன்றாவது பாடல் அது. மிகத் தாழ்ந்த ஒலியில் பியானோ மட்டும் தனியாகத் தொடங்கும். கேட்பவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருக்கும் வேளையில், முக்கால் நிமிடம் போல் கழிந்ததும் முரசுகள் திடீரென்று உள்ளே நுழையும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் உடல் ஒரு கணம் அதிரும். ஒரு நாள் செயலியில் கேட்டபோது அந்த அதிர்வு வரவில்லை. முரசுகள் வந்தன, ஆனால் பியானோ ஏற்கெனவே அவற்றுக்கு இணையாக உரக்க ஒலித்துக்கொண்டிருந்ததால், வந்ததாகவே தெரியவில்லை. ஹெட்போனில் கோளாறு என்று முதலில் எண்ணினேன். பிறகு என் காதுக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று கவலைப்பட்டேன். பழைய பெட்டியிலிருந்த தகட்டைத் தேடியெடுத்து, ஒலியளவைச் சமப்படுத்தி, இரண்டையும் மாற்றிமாற்றிப் பல முறை கேட்ட பிறகே விளங்கியது: தகட்டில் அந்த அதிர்வு அப்படியே இருந்தது. செயலியில் ஆல்பத்தின் பெயரும் அட்டைப்படமும் வெளியான ஆண்டும் பழையவையாகவே இருந்தன. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்த பதிவுரிமை வரியில் மட்டும் பிற்கால ஆண்டு ஒன்று இருந்தது. எனக்குக் கேட்கக் கிடைத்தது ரீமாஸ்டர் செய்யப்பட்ட, அதாவது பழைய பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிட்ட, வேறொரு பதிப்பு.

வழக்கமாக ஒப்பிடப்படும் அம்சங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். வசதியில் ஸ்ட்ரீமிங்குக்கு நிகர் எதுவும் இல்லை. புதிய பாடகர்களை அறிமுகம் செய்துகொள்ளவும், நண்பருக்கு ஒரு பாட்டை உடனே அனுப்பவும், வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்கவும் அதைவிட எளிய வழி கிடையாது. ஒலித்தரத்திலும் முன்பிருந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிட்டது: ஆப்பிள் மியூசிக் 2021-இலும் ஸ்பாட்டிஃபை 2025-இலும் இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கிவிட்டன. பாடல்கள் திடீரென்று காணாமற்போகும் என்ற குறை அனைவருக்கும் தெரிந்ததே. பாடகர் நீல் யங் 2022 ஜனவரியில் ஸ்பாட்டிஃபையிலிருந்து தம் பாடல்களை விலக்கிக்கொண்டு 2024-இல்தான் திரும்பினார். ஆனால் காணாமற்போவது கண்ணுக்குத் தெரிகிறது. பட்டியலில் அந்த வரி மங்கிவிடும், ஏதோ நடந்திருக்கிறது என்று நாம் அறிந்துகொள்வோம், வேறிடத்தில் தேடிக்கொள்வோம். என் முடிவைத் தீர்மானித்தது அதுவன்று. பெயர் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் ஒலி நமக்குத் தெரியாமல் மாறிவிடுவதுதான் என்னைச் சந்தாவிலிருந்து விலக்கியது.

இந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எந்த அலையும் அதைத் தாண்டி எழ முடியாது. ஆகவே ஒரு பாட்டு முழுவதையும் உரக்க ஒலிக்கச் செய்ய வேண்டுமானால், முரசடி போன்ற உச்சங்களை அமுக்கிவிட்டு மற்ற அனைத்தையும் மேலே தூக்க வேண்டும். வானொலியில் அடுத்த பாட்டைவிடத் தம் பாட்டு எடுப்பாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இசை நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும் மறுவெளியீடு கண்ட பழைய ஆல்பங்கள் பலவற்றுக்கும் அதே சிகிச்சை நடந்தது. 2008-இல் மெட்டாலிக்கா என்ற ராக் இசைக்குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் வெளியானபோது இந்தச் சத்தப் போட்டி பொதுவிவாதமானது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு அமுக்கப்படாமல் இடம்பெற்றிருந்ததால், ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. இன்று ஸ்ட்ரீமிங் சேவைகள் எல்லாப் பாடல்களின் உரப்பையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கின்றன என்பது நல்ல ஏற்பாடுதான். எனினும் அது ஒலியைக் கூட்டிக் குறைக்க மட்டுமே வல்லது. ரீமாஸ்டரில் ஒருமுறை வெட்டப்பட்ட உச்சம் அதனால் திரும்பி வராது.

எல்லா ரீமாஸ்டரும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1980-களில் வந்த தகடுகளில் சில அவசரத்தில், முதல் ஒலிநாடாவுக்குப் பதிலாக ஏதோ ஒரு நகலிலிருந்து எடுக்கப்பட்டவை; அவற்றின் பிற்காலப் பதிப்புகள் எவ்வளவோ மேலானவை. 'டெத் மேக்னெடிக்' விஷயத்தில் உரப்பு மிகுந்த பதிப்பு விற்கப்பட்டதே குறுந்தகட்டில்தான். ஆகவே தகடு என்றாலே சிறந்த ஒலி என்று நினைப்பது தவறு. அது மாறாத ஒலி என்பதே என் வாதம். மறுபதிப்பு கடைக்கு வந்துவிட்டது என்பதற்காக, என் அலமாரியிலுள்ள பழைய தகடு தானாகப் புதியதாகிவிடுவதில்லை. இரண்டும் உலகில் இருக்கும். எது வேண்டும் என்று கேட்பவர் தேர்ந்துகொள்ளலாம். ஸ்ட்ரீமிங்கிலும் சில ஆல்பங்களுக்கு இரண்டு பதிப்புகளும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் எதை வைத்திருப்பது, எதை எடுத்துவிடுவது என்ற முடிவு நம் கையில் இல்லை.

மாற்றம் ஒலியளவோடு நிற்பதுமில்லை. பியான்ஸே 2022 ஜூலை இறுதியில் வெளியிட்ட 'ரெனசான்ஸ்' ஆல்பத்தில், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் சொல் ஒன்று இருப்பதாக எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் அந்த வரி மாற்றப்பட்டது. வேறொரு பாடகியின் பாடலை நினைவூட்டும் பகுதி ஒன்றும் அதே சமயத்தில் இன்னொரு பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016-இல் 'தி லைஃப் ஆஃப் பாப்லோ' ஆல்பத்தை வெளியிட்ட பிறகும் வாரக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். இழிசொல்லை நீக்கியது சரியான செயல் என்றே நான் கருதுகிறேன். 'ரெனசான்ஸ்' ஆல்பத்தை வாங்கினால் திருத்திய பதிப்பைத்தான் நானும் விரும்புவேன். என் கவலை, திருத்தம் நடந்த முறையைப் பற்றியது. ஒரு புத்தகம் திருத்தப்பட்டால் 'இரண்டாம் பதிப்பு' என்று முகப்பில் அச்சிடுவார்கள். முதல் பதிப்பு நூலகத்தில் கிடைக்கும். எதை ஏன் மாற்றினார்கள் என்று பின்னால் வருபவர் ஆராயலாம். ஸ்ட்ரீமிங்கில் பதிப்பு எண் கிடையாது. நேற்று கேட்டதும் இன்று கேட்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க, கேட்பவரிடம் எந்தக் கருவியும் இல்லை.

தகட்டிலிருந்து எடுத்த கோப்பில் அந்தக் கருவி இருக்கிறது. குறுந்தகட்டின் உள்வட்டத்தில், பளபளப்பான பகுதியில், நுண்ணிய எண்ணொன்று பொறிக்கப்பட்டிருக்கும்; அது எந்த அச்சுவார்ப்பிலிருந்து வந்தது என்பதை அறிய உதவும் அடையாளம் அது. இசை வெளியீடுகளின் விவரங்களைத் தொகுத்துவைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த எண்ணைக் கொண்டு தேடினால், கையிலிருப்பது முதல் வெளியீடா மறுவெளியீடா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பாடல்களைக் கணினிக்கு எடுக்கும்போது அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளம், அதே தகட்டை உலகின் வேறு மூலைகளில் எடுத்தவர்களின் விளைவோடு என் விளைவை ஒப்பிட்டு, ஒரு பிட் பிசகினாலும் காட்டிக்கொடுக்கும். அதற்கும் மேலாக, ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் ஒலியின் எம்டி5 கையொப்பத்தை (ஒலித்தரவிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை) தானே சுமந்துகொண்டிருக்கிறது. பத்து ஆண்டு கழித்தும் ஒரு கட்டளையிட்டால், அதே ஒலிதான் இது என்று கோப்பே சாட்சி சொல்லும். இந்த ஓர் அம்சத்துக்காக மட்டுமே நான் மற்ற எல்லா வசதிகளையும் விட்டுக்கொடுக்கத் துணிந்தேன்.

விட்டுக்கொடுத்தவை குறைவில்லை. இடம் பெரிய சிக்கலன்று: குறுந்தகட்டின் ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும், ஃபிளாக் அதைப் பெரும்பாலும் பாதியளவுக்கோ அதற்குச் சற்றுக் கூடுதலான அளவுக்கோ சுருக்குகிறது, ஆக ஆயிரம் ஆல்பங்கள் ஒரு டெராபைட் வன்தட்டின் மூன்றில் ஒரு பங்கில் அடங்கிவிடும். நேரம்தான் சிக்கல். ஒரு தகட்டை எடுக்கப் பத்து நிமிடம் என்றால், பாடல் பெயர்களையும் கலைஞர் பெயர்களையும் சரிபார்த்து, அட்டைப்படத்தைச் சேர்க்க இன்னொரு பத்து நிமிடம் ஆகிறது. இன்றைய மடிக்கணினிகளில் தகடு போடும் இடமே இருப்பதில்லை என்பதால் வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் ஒன்று தேவை. வன்தட்டு என்றாவது ஒரு நாள் பழுதாகும் என்பது உறுதி. ஆகவே ஒரு பிரதி கணினியில், மற்றொன்று தனி வன்தட்டில், மூன்றாவது வேறொருவர் வீட்டில் என்று வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை அவற்றை ஒத்திசைக்க உட்கார வேண்டும். பழுதுபார்க்கவும் பராமரிக்கவும் பிடிக்காதவர்களுக்கு இந்த வேலை சலிப்பூட்டும். அவர்களைச் சந்தாவை விட்டு வெளியே வரும்படி நான் வற்புறுத்த மாட்டேன்.

தகடும் சாகாவரம் பெற்றதன்று. உள்ளிருக்கும் அலுமினியப் படலம் காற்றுப்பட்டால் கெடும். 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் உருவான தகடுகளில் ஒரு பகுதி வெண்கல நிறமாகிப் பாழானது பெயர்பெற்ற நிகழ்வு. அச்சடித்த தகடுகளைவிட, வீட்டில் பதிவுசெய்யும் சிடி-ஆர் தகடுகள் இன்னும் விரைவில் கெடக்கூடியவை, ஏனென்றால் அவற்றில் தகவலைத் தாங்குவது சாயப்பூச்சு. என்னிடமுள்ள இருநூற்றுச் சொச்சம் அச்சுத் தகடுகளில் மூன்றை மட்டுமே முழுமையாக எடுக்க முடியவில்லை. மூன்றிலும் ஆழமான கீறல்தான் காரணம். என் அனுபவம் இரண்டு ஆண்டு அனுபவமே என்பதையும், பெரும்பாலான தகடுகள் உலர்ந்த அலமாரியில் நிழலில் இருந்தவை என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இன்னொன்று: சொந்தத் தகட்டைத் தம் பயன்பாட்டுக்கு நகலெடுப்பதைச் சட்டம் எல்லா நாடுகளிலும் ஒரேமாதிரி பார்ப்பதில்லை. பிரிட்டனில் 2014-இல் அளிக்கப்பட்ட அனுமதியை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழியான தரவிறக்கத்தில் எனக்கு அனுபவம் குறைவு. முப்பது ஆல்பங்கள் வாங்கியிருப்பேன். பேண்ட்கேம்ப் போன்ற தளங்கள் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டில்லாத ஃபிளாக் கோப்பையே தருகின்றன. வாங்கிய அன்றே தரவிறக்கிச் சேமித்துவிட்டால், மாறாத ஒலி என்ற வகையில் அது தகட்டுக்குச் சமம்தான். விற்பனைத் தொகையில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு 10 முதல் 15 சதவீதம் என்பதால் கலைஞர் கைக்குப் பெரும்பகுதி போகிறது. ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பாட்டுக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. புதிய இசைக்கு இந்த வழியையே பரிந்துரைப்பேன். ஆனால் பழைய ஆல்பங்களைப் பொறுத்தவரை, நான் தேடியவற்றில் பலவற்றுக்குத் தரவிறக்கக் கிடைத்ததும் ரீமாஸ்டர் மட்டுமே. முதல் பதிப்பு வேண்டுமென்றால் பழைய தகடுகள் விற்கும் இடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. வினைல் இசைத்தட்டை நான் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. நண்பர் வீட்டில் சில மாலைகள் கேட்டதை வைத்து அதைத் தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை.

சந்தாவை நிறுத்தியபோதும், விளம்பரங்களோடு வரும் இலவசக் கணக்கு ஒன்றை வைத்திருக்கிறேன். புதியவரை அங்கே கேட்கிறேன்; மூன்றாம் முறையும் அதே ஆல்பத்தைத் தேடிப் போனேன் என்றால், அது வாங்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் இப்போது பதினொரு பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முதல் வெளியீட்டை எட்டு மாதங்களாகத் தேடியும் நல்ல நிலையில் கிடைக்கவில்லை. உள்வட்டத்து எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, விற்பவர்களிடம் தகட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.