அட்டையா, பலகையா, சக்கரமா: எழுத்துக்கும் எண்ணுக்கும் எது கைகொடுக்கும்?

ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை எழுத்துப் பயிற்சிக்கும் கணக்குப் பயிற்சிக்கும் கையால் செய்துகொள்ளக்கூடிய சாமான்கள் என்று பார்த்தால் மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். அட்டைக் கட்டு, பகடை உருட்டி ஆடும் பலகை, இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சுழற்றும் சக்கரம். மூன்றும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மூன்றுக்கும் செலவு குறைவு. அதில் பேச ஒன்றுமில்லை. என் ஓட்டு அட்டைக்கு. ஒரு பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை முறை வாய்ப்பு வருகிறது என்பதை மட்டும் வைத்தே இதைச் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நிமிடத்தில் பிரித்துக் கொடுத்து, விதி சொல்லி, திரும்ப எடுத்து வைக்கும் நேரம் போக 20 நிமிடம் தேறும். பலகையைச் சுற்றி ஆறு பேர். பகடையை உருட்டி, அது பெஞ்சுக்கடியில் ஓடினால் தேடி எடுத்து, காயை நகர்த்தி, கட்டத்தில் உள்ளதைப் படிக்க எப்படியும் 30 நொடி ஆகும். 20 நிமிடத்தில் 40 முறை, ஆளுக்கு ஆறோ ஏழோ. மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பதுதான். அட்டையை இருவர் இருவராகக் கொடுத்தால் ஒரு முறைக்கு 10 நொடி போதும். அதே 20 நிமிடத்தில் 120 முறை, ஆளுக்கு 60. பாதியை அரட்டைக்குக் கழித்தாலும் 30 நிற்கும். தடுமாறும் பிள்ளைக்குத்தான் இந்த வித்தியாசம் பெரிது. ஆறு பேர் கூட்டத்தில் அவனுடைய பதிலைப் பக்கத்தில் இருப்பவன் சொல்லிவிடுவான், இவன் காயை மட்டும் நகர்த்துவான். தூரத்திலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு வகுப்பு மும்முரமாகத் தெரியும்.

அட்டை என்றாலே சரி என்றும் இல்லை. கவிழ்த்து வைத்து ஜோடி தேடும் ஆட்டத்தில் நேரம் போவது எந்த அட்டை எங்கே இருக்கிறது என்று நினைவில் வைப்பதில்தான், கூட்டலில் அல்ல. பத்துக்கு ஜோடி சேர்க்க 0 முதல் 10 வரை நான்கு வரிசை, மொத்தம் 44 அட்டை. அதில் 12ஐ நிமிர்த்தியே பரப்பிவிடுங்கள். 7ஐயும் 3ஐயும் யார் பார்க்கிறார்களோ சொல்லி எடுக்கட்டும். காலியான இடத்தில் கட்டிலிருந்து இரண்டை வைக்க வேண்டும். ஜோடியே இல்லாவிட்டால் இன்னும் இரண்டு. மாறி மாறி எடுக்கும் விதி கட்டாயம். இல்லாவிட்டால் வேகமான பிள்ளை மொத்தத்தையும் அள்ளிவிடும்.

இடமதிப்புக்கு ஒரு கட்டில் 27 அட்டை. 1 முதல் 9 வரை 4 செ.மீ. அகலம், 10 முதல் 90 வரை 8 செ.மீ., 100 முதல் 900 வரை 12 செ.மீ. உயரம் எல்லாவற்றுக்கும் 6 செ.மீ. 4 செ.மீ.க்கு ஓர் இலக்கம் என்று பென்சில் கோடு போட்டுத்தான் எழுத வேண்டும், கண்ணளவில் எழுதினால் அடுக்கும்போது இலக்கங்கள் பொருந்தாது. முந்நூற்று நாற்பத்தைந்து என்றதும் 300405 என்று எழுதும் பிள்ளையிடம் 300இன் மேல் 40, அதன்மேல் 5 என்று வலது ஓரம் சேர்த்து அடுக்கச் சொல்லுங்கள். 345 வரும். பிரித்தால் மறைந்திருந்த சுழிகள் தெரியும். இடது ஓரம் சேர்த்து அடுக்கினால் 500 வந்து நிற்கும். அதைத் திருத்தாமல் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் போதும். தொண்ணூற்றாறு என்று சொல்லும்போது கவனியுங்கள், காதில் நூறு விழுவதால் சிலர் நூறு வரிசைக்குக் கை நீட்டுவார்கள். 90க்கும் 900க்கும் தனியாக ஒரு சுற்று தேவைப்படும்.

எழுத்துக்கு 247 அட்டை செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். க, ட, ப, ம, ர, ல என்ற ஆறில் தொடங்கலாம். அகரம் ஏறியது இரண்டிரண்டாக 12, புள்ளி வைத்தது 6. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை தனி அட்டைகளாக இரண்டிரண்டு, 8. இ, ஈ, உ, ஊ ஏறிய 24 எழுத்துகளை முழுதாகவே எழுதிவிட வேண்டும். டு, மு, ரு, லு ஒவ்வொன்றும் ஒரு வடிவம் என்பதால் உகரக் குறியைத் தனி அட்டையில் பிரிக்கவே முடியாது. ஆக 50 அட்டை. இதில் படம், பாடம், மரம், கோடு, மேடை, பாப்பா எல்லாம் வரும். கோடு என்று கேட்டதும் பிள்ளை முதலில் 'க' அட்டையை வைத்து, அதற்கு வலப்பக்கம் கொம்பை வைக்கும். காதில் விழுந்த வரிசை அது. கொம்பை எடுத்து இடப்பக்கம் மாற்றும் அந்த ஒரு கை அசைவுக்காகவே அட்டை செய்யலாம்.

சக்கரத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. குறி எங்கே நிற்கும் என்பதைச் செய்தவரே தீர்மானித்து அச்சடித்துவிடுகிறார், பிள்ளை சுழற்றிப் படிப்பதோடு சரி. கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம் என்பதால் எழுத்து தெரிய மேல் வட்டத்தில் வெட்டும் ஜன்னலை அகலமாக வெட்ட வேண்டும், உகர வரிசைக்கு அதுவும் உதவாது. எழுத்துகள் பழகிய பிறகு, படிக்கும் வேகம் கூட்ட வைத்துக்கொள்ளலாம்.

பலகையை ஒதுக்கிவிட முடியாத இடம் ஒன்று உண்டு, எண்களின் வரிசை. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 1 முதல் 10 வரை ஒரே நேர்க்கோட்டில் எண் எழுதிய பலகையில் ஆடிய சிறு பிள்ளைகளுக்கு எண் அறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. 5இல் நிற்கும் காயை இரண்டு நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணக் கூடாது, "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். நூறு கட்டம் போடுவதானால் ஒவ்வொரு வரிசையும் இடமிருந்தே தொடங்கட்டும். பாம்பும் ஏணியும் போல வளைந்து வளைந்து போனால் பத்தைக் கூட்டுவது அடுத்த வரிசையில் அதே நேரில் உள்ள கட்டமாக அமையாது.

அட்டையின் தொல்லை பராமரிப்பு. 30 பேருக்கு 15 கட்டு என்றால் இடமதிப்புக்கு மட்டும் 405 அட்டை. ஒன்று தொலைந்தாலும் அந்தக் கட்டு முடம். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் கட்டு எண் எழுதுங்கள், தரையில் கிடப்பது எந்தக் கட்டுடையது என்று உடனே தெரியும். வலது கீழ் மூலையைச் சரிவாக வெட்டிவிட்டால் 6ஐ 9 ஆக்கும் வேலையும் நிற்கும், எந்த ஓரம் சேர்ப்பது என்பதும் நினைவிருக்கும். லேமினேஷன் செய்தால் அட்டையைச் சுற்றி 3 மி.மீ. பிளாஸ்டிக் விட்டு வெட்டவும், ஒட்ட வெட்டினால் ஓரம் பிரிந்து ஈரம் ஏறும். திரும்ப வாங்கும்போது எண்ண வேண்டாம். 1 முதல் 9 வரை வரிசையாக அடுக்கித் தரச் சொன்னால் எது குறைகிறது என்று பிள்ளையே சொல்லும், அதுவும் ஒரு பயிற்சிதான்.

இதெல்லாம் 30, 35 பேர் உள்ள, இருவர் இருவராக உட்கார இடம் இருக்கும் வகுப்புக்கு. 50 பேர் நெருக்கி உட்காரும் அறையில் இதே கணக்கு நிற்குமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பின்னத்துக்கும் அட்டையைச் சிபாரிசு செய்யத் தயக்கம்தான். ½ஐயும் ²⁄₄ஐயும் ஜோடி சேர்க்கும் பிள்ளைக்கு இரண்டும் ஏன் சமம் என்று தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குக் காகிதத்தை மடித்துக் காட்டுவதே மேல்.