பெற்றோரை அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பலர், கோடையில் ஊரிலிருந்து வரும் பெற்றோரை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துச் செல்கிறார்கள் என்பதால், சென்ற ஜூன் மாதம் எங்களுக்கு நேர்ந்ததை விவரமாக எழுதுகிறேன்.

சியாட்டிலில் புறப்பட்டு, ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் மாலை விக்டோரியாவில் சில மணி நேரம் நின்று, மறுநாள் காலை சியாட்டிலுக்கே திரும்பும் பயணம் அது. தெரிந்தவர் மூலம் அறிமுகமான, தமிழ் பேசும் பயண முகவர் ஒருவரிடம் பதிவு செய்தோம். விக்டோரியா கனடாவில் இருக்கிறதே, பெற்றோரிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் அமெரிக்கச் சுற்றுலா விசாவும் மட்டும்தானே உள்ளன என்று அவரிடம் இரண்டு முறை கேட்டேன். "கப்பலை விட்டு இறங்காவிட்டால் கனடா விசா வேண்டாம் சார், எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே பதில் அனுப்பினார்.

சியாட்டிலில் கப்பல் ஏறும் தளமான பியர் 91-இல் பயண ஆவணங்களைச் சரிபார்த்த பெண், அப்பாவின் பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு மீண்டும் முதலிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பனியாற்றைப் பார்க்கும்போது போட்டுக்கொள்வதற்காக வாங்கிய கம்பளிக் கையுறைகளை அம்மா கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் நுழைவதால், விசா இல்லாத இருவரையும் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் எனக்கும் மனைவிக்கும் தடையில்லை. ஆனால் அவர்களைக் கரையில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் எப்படிப் போவது? ஏற்கெனவே உள்ளே போய்விட்ட பெட்டிகள் திரும்பி வர இரண்டு மணி நேரமானது.

விக்டோரியா நிறுத்தம் வெறும் சுற்றிப் பார்ப்பதற்கானது அன்று. வெளிநாட்டுக் கொடியுடைய, அதாவது வேறொரு நாட்டில் பதிவான கப்பல், இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொடாமல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. கொரோனாவால் கனடா தன் துறைமுகங்களை மூடியிருந்த 2021-இல் தற்காலிக விலக்கு அளிப்பதற்கே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதனால் சியாட்டிலில் கிளம்பி அங்கேயே திரும்பும், வெளிநாட்டுக் கொடியுடைய பெருங்கப்பல்கள் கனடாவைத் தொட்டே ஆக வேண்டும். இதே தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

துறைமுக வரியைத் தவிர எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆவணக் குறைபாட்டுக்கு ஈடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிட்டது. ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த வரியை முகவர் படமெடுத்து அனுப்பினார். தம்முடைய குரல் பதிவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வரும் பெற்றோருக்குக் கனடா விசா கையில் கிடைத்த பிறகே முழுத் தொகையைக் கட்டுங்கள். கைரேகைப் பதிவு, பாஸ்போர்ட்டை அனுப்பிப் பெறுதல் என்று அதற்கு வாரக் கணக்கில் ஆகும். வான்கூவரில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பலென்றால், இரு நாட்டு விசாக்களும் சரியாக இருக்கின்றனவா, கனடா விசா மறுபடியும் உள்ளே வர இடம் தருகிறதா என்றும் பாருங்கள். முகவர் சொல்வதோடு நின்றுவிடாமல், கப்பல் நிறுவனத்திடமே எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் பயணச் சேவை விற்பவர்கள் மாநில உரிமத் துறையில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை முதல் நாளே கேட்காதது என் தவறு. இப்போது முகவரிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். இன்றுவரை அவர் தரவில்லை.