மடாதிபதிக்கு ‘நேஷனல் கவரேஜ்’: பேக்கேஜில் தேறுவது எது?

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து மடங்களைத் தேடி கொச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனங்களின் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். சுவாமிகளின் பேட்டி, ஒரு பிரஸ் மீட், ‘நூற்றுக்கும் மேற்பட்ட தேசிய இணையதளங்களில் செய்தி’.

இந்தக் கடைசி அயிட்டத்துக்குத்தான் பில்லில் கனம் அதிகம், பயன் குறைவு. பிடிஐ, ஏஎன்ஐ செய்தி நிறுவனங்களின் பெயரைச் சொல்லி விற்பார்கள். லிங்க்கைத் திறந்து அடிவரை போய்ப் பாருங்கள்: ‘இது பிரஸ் ரிலீஸ், உள்ளடக்கத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்கிற ரீதியில் டிஸ்க்ளெய்மர் இருக்கும். காசு கட்டிப் போடும் தனிப்பிரிவு அது. மற்ற தளங்கள் அதே ஃபீடைத் தானாக இழுத்துக்கொள்வதால் எண்ணிக்கை மட்டும் ஏறும். விக்கிபீடியா பக்கத்துக்கு ஆசைப்படுபவர்களுக்கும் இது உதவாது. இதை அங்கே சுதந்திரமான ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காசு கொடுக்கத் தகுந்த வேலை, திருவனந்தபுரம், கொச்சி பீரோக்களில் உள்ள நிருபரிடம் பேசி, அவர் கேட்கும் விவரத்தைத் தேடிக் கொடுப்பது. சதாபிஷேகம் டெல்லியில் செய்தியைத் தேர்ந்தெடுக்கும் டெஸ்க்குக்குச் செய்தியே அல்ல. மடமும் பள்ளிவாசலும் சர்ச்சும் சேர்ந்து குளம் தூர்வாரினால் செய்தி. தமிழ்நாடும் கேரளமும் பங்குபோடும் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரைப் பற்றி சுவாமிகள் ஒரு வாக்கியம் சொன்னாலே இரண்டு மாநில நிருபர்களும் பேனாவை எடுப்பார்கள். வினை வருவதும் அதே வாக்கியத்தில்தான்; வக்கீல் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. நோய் தீர்க்கும் பேச்சு இன்னும் மோசம். நீரிழிவு, புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்தால் 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டம் குறுக்கே வரும். நல்ல ஏஜென்சி அந்த வரியைத் தானே அடித்துவிடும்.

கோட்டைவிடுவது சில்லறை விஷயங்களில். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்க் குறிப்பும் பழைய எழுத்துரு மலையாளமும் டெஸ்க்கில் குப்பையாகத் திறக்கும், யூனிகோடில் கேளுங்கள். படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் நசுங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அச்சுக்குத் தாங்கும். படத்தில் இடமிருந்து வலம் யார் யார் என்று எழுதாவிட்டால் பெயர் மாறி அச்சாகும், பிறகு சீடர்களைச் சமாதானப்படுத்துவது தனி வேலை. ‘ஸ்ரீலஸ்ரீ’ பட்டங்கள் முழுசாக வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், ஆங்கிலப் பேப்பரில் எப்படியும் வெட்டுவார்கள். பிரஸ் மீட்டைக் காலை 11 மணிக்கு வைத்து, ஆங்கிலக் குறிப்பை அங்கேயே கையில் கொடுத்துவிட வேண்டும். மண்டல காலத்தில் வைத்தால் நாற்காலிதான் மிஞ்சும். கேரள நிருபர்களின் கவனம் சபரிமலை மேல் இருக்கும்.

மாதக் கடைசியில் ‘இவ்வளவு லட்சம் விளம்பர மதிப்பு’ என்று ஒரு ரிப்போர்ட் நீட்டுவார்கள். செய்தி வந்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிய கணக்கு அது. பிஆர் வேலையின் பலனை அளக்க அந்தத் தொழிலே வகுத்த பார்சிலோனா கோட்பாடுகளே 2010-ல் இதைக் கழித்துக்கட்டிவிட்டன. அதற்குப் பதில், நிருபர் பெயரோடு வந்த செய்தி எத்தனை, காசு கொடுத்துப் போட்டது எத்தனை என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஒப்பந்தத்திலும் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம் எழுதி வாங்குங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி அதற்கு மேலே. ‘நிருபர் கவர்’ (நிருபருக்குக் கவரில் வைத்துத் தரும் காசு) என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிடலாம்.