ஜானி கேஷ்: 1968-ஆ, 1994-ஆ?

அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகர் ஜானி கேஷ் விழுந்தெழுந்த கதையைக் கேட்க இரண்டு ஆல்பங்கள் உண்டு. ஒன்று, கலிஃபோர்னியாவின் ஃபோல்ஸம் சிறையில் 1968 ஜனவரி 13 அன்று பதிவானது. மற்றது 1994-இல் வந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்'.

ஃபோல்ஸம் பதிவில் ஆரவாரம்தான் உயிர். ஆம்ஃபெட்டமின் என்ற போதை மாத்திரைகளால் உடல் உருகி, 1965-இல் எல் பாஸோவில் அவற்றோடு கைதும் ஆனவர், கைதிகளுக்கு முன்னால் நின்று பாடுகிறார். கிதார் ரயில்போல ஓடுகிறது, கைதட்டல் அதன்மேல் மோதுகிறது. கடைசிப் பாட்டு அதே சிறையில் இருந்த ஒருவர் எழுதியது. அதை எழுதியவர் முன்னாலேயே கேஷ் பாடினார் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் செய்தி.

ஆனால் என் தேர்வு 1994. இடையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள்: வலிநிவாரணிகளிடம் மறுபடி சிக்கினார், சிகிச்சைக்குப் போனார். இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பாடிக்கொடுத்த கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் 1986-இல் அவரைக் கைவிட்டது. ராப், மெட்டல் ஆல்பங்களைத் தயாரித்துவந்த ரிக் ரூபின்தான் தேடிவந்தார். பாடல்கள் பெரும்பாலும் ரூபினின் வீட்டுக்கூடத்திலும் கேஷின் மரவீட்டிலும் பதிவாயின. பக்கவாத்தியம் கிடையாது, ஒரு கிதார் மட்டும். குரலில் தேய்மானம் தெரிகிறது, அதை யாரும் மறைக்கவில்லை. கிராமி விருதும் கிடைத்தது.

இளமையின் வேகம் வேண்டுவோர் ஃபோல்ஸமில் தொடங்கலாம். சொல்லுக்குச் சொல் காதுகொடுத்துக் கேட்பவர்கள் 1994-ஐ எடுங்கள், இரவில், ஹெட்ஃபோனில்.