கார்ட்ரிட்ஜ் ரீஃபில் பண்ணலாமா? மூணு வருஷமா பண்ணிட்டு இருக்கேன்

வீட்ல பத்தாவது, பன்னெண்டாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன், வாரத்துக்கு நாப்பது அம்பது பக்கம் கேள்வித்தாள் பிரிண்ட் போட வேண்டியிருக்கும். ஆஃபர்ல கிடைச்சதுன்னு கார்ட்ரிட்ஜ் (மை டப்பா) போடுற இன்க்ஜெட் பிரிண்டர் ஒண்ணு வாங்குனேன், கூட வந்த கார்ட்ரிட்ஜ் மூணே வாரத்துல தீந்துபோச்சு, புதுசா கருப்பு, கலர் ரெண்டு கார்ட்ரிட்ஜும் விலை கேட்டா பிரிண்டர் விலையில பாதிக்கிட்ட வருது. அன்னைக்கு தான் ரீஃபில் பக்கம் வந்தேன்.

பிரிண்டர் வாங்குறவங்க தயவுசெஞ்சு கார்ட்ரிட்ஜ்ல எத்தனை மி.லி. மை, எத்தனை பக்கம் வரும்னு முதல்ல பாருங்க. கேனான் பிஜி 745 கருப்புல இருக்குறது 8 மி.லி., கம்பெனி கணக்கே 180 பக்கம். எச்பி 680 கருப்புன்னா 480 பக்கம். இதெல்லாம் கொஞ்சமா மை செலவாகுற பக்கத்துக்குச் சொல்ற கணக்கு, பக்கம் பூரா படம் வரைபடம்னு போட்டா அதை விடக் குறைவா தான் வரும்.

நான் போறது பாளையங்கோட்டையில ஒரு சின்ன கடை, கருப்புக்கு 150 ரூபா, கலருக்கு 250. அந்த அண்ணன் எடுத்த உடனே மை ஏத்த மாட்டாரு, கார்ட்ரிட்ஜ் அடிப்பக்கத்தை ஈரமான டிஷ்யூல ஒத்தி எடுத்து மை வருதான்னு பார்ப்பாரு, ஏன்னா இந்த மாதிரி கார்ட்ரிட்ஜ்ல மை தெளிக்கிற ஹெட்டும் அதுலயே இருக்கு, ஹெட் போயிருந்தா எவ்வளவு மை ஊத்துனாலும் பிரயோஜனம் இல்ல, அப்படி இருந்தா காசு வாங்காம திருப்பிக் குடுத்துடுவாரு. அப்புறம் மேல ஸ்டிக்கரை உரிச்சு சிரிஞ்சுல மெதுவா, ரொம்ப மெதுவா ஏத்துவாரு. உள்ள இருக்குறது ஸ்பாஞ்சு, அவசரப்பட்டா வெளிய பொங்கிடும், கலர்ல ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். கடைசியா நம்ம முன்னாடியே ஒரு டெஸ்ட் பக்கம் எடுத்துக் காட்டுவாரு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு கடையில பண்ணி நல்லா பட்டுட்டேன். கருப்புல பிக்மென்ட் மை (தண்ணி பட்டா லேசுல கரையாது), டை மை (கரைஞ்சுடும்)னு ரெண்டு இருக்கு, என் கார்ட்ரிட்ஜ் பிக்மென்ட், அவங்க கேக்காம டை மை ஊத்திட்டாங்க. பாக்குறதுக்கு ஒண்ணும் தெரியல. மழைநாள்ல ஒரு பொண்ணு ரிவிஷன் பேப்பரை நனைச்சுட்டு வந்தா, எழுத்து பூரா கரைஞ்சு ஒரு கேள்வி கூடப் படிக்க முடியல, அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. அதனால எந்தக் கடைக்குப் போனாலும் என்ன மைன்னு கேட்டுட்டு குடுங்க.

இன்னொன்னு, மை சுத்தமா தீர்ற வரைக்கும் ஓட்டாதீங்க. இந்த ஹெட் மையைச் சூடாக்கித்தான் தெளிக்குது, மை இல்லாம ஓடுனா ஹெட்டே கருகிடும். எழுத்து லேசா மங்குன உடனே கழட்டி கொண்டு போயிடுவேன். அப்படிப் பார்த்துக்கிட்டதுல என் கருப்பு ஆறு தடவை ரீஃபில் தாங்குச்சு. ரீஃபில் பண்ணதுக்கு அப்புறமும் கம்ப்யூட்டர்ல மை காலின்னு காட்டும், அது பிரிண்டர் தெளிச்ச மையை எண்ணி வெச்ச கணக்கு, உள்ள இருக்குற மையைப் பார்த்துச் சொல்றது இல்ல, ஓகே குடுத்துட்டு பிரிண்ட் போட்டா வந்துடும் (என் மாடல்ல வருது, சில மாடல் ஒத்துக்காது). லீவுல பிரிண்டரை அப்படியே போட்டு வெச்சா மை காய்ஞ்சு அடைச்சுக்கும், வாரம் ஒரு பக்கமாவது கலர்ல எடுங்க.

என்னை மாதிரி மாசம் இருநூறு பக்கம் போடுறவங்க இப்ப புதுசா வாங்குறதா இருந்தா நான் பாட்டில் மையை நேரா ஊத்திக்கிற டேங்க் பிரிண்டர் தான் சொல்லுவேன். எப்சன் 003 கருப்பு பாட்டில் 65 மி.லி., 4500 பக்கம்னு போட்டிருக்கான், மேல சொன்ன 180 பக்கத்தோட வெச்சுப் பாருங்க. என் பிரிண்டர் நல்லா ஓடுற வரைக்கும் தூக்கிப்போட மனசு வரல, எப்பவாவது ஆதார் ஜெராக்ஸ், பசங்க ப்ராஜெக்ட்னு எடுக்குற வீட்டுக்கும் ரீஃபிலே போதும்.

பாளை கடைக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். கலர் குடுத்தா மறுநாள் தான் வரச் சொல்றாரு, அரை மார்க் குறைச்சது அதுக்குத்தான்.